இனிமேல் என்ன சாப்பிடுவது என்று கேட்ட மகளுக்கு

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்பா சரியாகப் பதில் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவாக வேலை செய்வதாக வந்திருக்கிறது என்று சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரல் நன்றாகத்தான் இருந்தது. உன் மாமியார் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு முட்டைக்கோவா கூடாது, முள்ளங்கி கூடாது, சோயா கூடாது, பால் கூடாது, பேக்கரிப் பாண் கூடாது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிவைத்த கதையை ஆரம்பித்தபோதுதான் குரல் இறங்கிப்போனது. "இனிமே நான் என்னத்ததான்ப்பா சாப்புடுறது?" என்று கேட்டாய். அம்மா போனை வாங்கி, "ஒண்ணும் ஆகாது. மாத்திரைய ஒழுங்கா போடு. சோத்த ஒழுங்கா தின்னு," என்று சொல்லிவிட்டு என்னிடமே திருப்பித் தந்துவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டாள். இவ்வளவு பெரிய விஷயத்தை அம்மா இப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொண்டாளே என்று உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல அவள் ஒரு முழு வருஷத்தைக் கொடுத்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கி உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலம் அது. வீட்டு விஷயம் எதையும் உன் காதில் போடக்கூடாது என்று அம்மா எனக்கும் சித்திக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நீ லீவுக்கு வரும் நாட்களில் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு, சுறுசுறுப்பாக இருப்பதுபோல நடமாடுவாள். நீ பஸ் ஏறியதும் வந்து படுத்துவிடுவாள். அவளுக்கு ஏதோ மாத்திரை இருக்கிறது என்ற அளவுக்குத்தான் உனக்குத் தெரியும். அவள் எப்படி இருந்தவள் என்பதை முதலில் ஞாபகப்படுத்திக்கொள். தேயிலைத் தோட்டத்தில் நம் டிவிசனில் அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்க மற்றப் பெண்கள் தயங்குவார்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் கொழுந்தில் ஓடும். பேசிக்கொண்டே எடுப்பாள், சிரித்துக்கொண்டே எடுப்பாள், மழையிலும் எடுப்பாள். நான் தேயிலை ஸ்டோரில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்கிறேன் என்றாலும், கொழுந்து வந்து இறங்கும்போது எது அவள் பறித்தது என்று எனக்குத் தெரியும். காம்பும் முற்றலும் இல்லாமல் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

அப்படிப்பட்டவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தாள். முதலில் குளிர். நம் நோர்வூட்டில் வெயில் அடித்து மற்றவர்கள் சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும் நேரத்தில் அவள் தலைக்குத் துண்டு சுற்றிக்கொண்டு நிற்பாள். பிறகு முகம் வீங்கினதுபோல ஆனது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. குரல் கட்டி, ஆண் குரல்போலக் கனத்துப்போனது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து தூங்குவாள். கூடையில் கொழுந்து குறைந்தது. மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எல்லோர் முன்னாலும், "என்ன கமலா, வீட்டுல நல்லா தூங்கிட்டு இங்கயும் தூங்க வர்றியா?" என்று கேட்டாராம். அவள் பதில் சொல்லவில்லை. அது அவள் சுபாவமே இல்லை. பதில் சொல்லாமல் வந்துவிட்டாள் என்று பக்கத்து லயத்து வீட்டு மேரியக்கா வந்து சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்த வாரமே மலையில் நிரைக்கு நடுவில் உட்கார்ந்தவள் எழவில்லை. மயக்கம் இல்லை, விழவும் இல்லை; எழவேண்டும் என்று நினைக்கிறாள், உடம்பு கேட்கவில்லை. மேரியக்காதான் தேடிக் கண்டுபிடித்து, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்டோரில் இருந்து நான் ஓடிவந்து பார்த்தபோது, கொழுந்து லொறியில் மூட்டைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, கூடையை யாரிடமாவது சொல்லி எடுத்துவைக்கச் சொன்னாள். டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தமும் குறைவு, தைராய்டும் குறைவு என்றார்கள். கழுத்துக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது, அது உடம்பு முழுவதையும் ஓட்டும், உனக்கு அது சோம்பலாக வேலை செய்கிறது என்று நர்ஸ் பிள்ளை தமிழில் விளக்கினாள். அந்த நிலையிலும் உன் அம்மா சிரித்தாள். "ஊரே என்னைய சோம்பேறின்னுச்சு. கடைசில கழுத்துக்குள்ள இருக்கிறதுதான் சோம்பேறியா? கண்டாக்குகிட்ட சொல்லணும்," என்றாள். தினமும் காலையில் ஒரு மாத்திரை, அதை நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ரத்தத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார்கள்.

மாத்திரை கொடுத்தது ஆஸ்பத்திரி. சாப்பாட்டுக்குச் சட்டம் போட்டது ஊர். நோய் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் தைராய்டைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தது. அதில் முதல் ஆள் உன் தலவாக்கலை அத்தை. அண்ணன் மனைவி என்றாலும் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. வந்து கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "கோவா, நோக்கோல், முள்ளங்கி, காலிபிளவர் ஒண்ணையும் கையால தொடாத கமலா. அதுதான் இந்த நோவுக்கே காரணம். சோயாவும் விசம்," என்று சொன்னார். அன்புடன் சொன்னதுதான். உன் மாமியாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

நம் லயத்துக்குப் பின்னால் இருந்த தோட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் கோவா நன்றாக உருண்டு கட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் வெட்டலாம். அத்தை வந்து போன மறுநாள் நான் ஸ்டோரில் இருந்து வந்தபோது பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. கோவா, நோக்கோல், முள்ளங்கி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டிருந்தாள். நிற்கவே சிரமப்பட்டவள் இதை எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. ஏன் இப்படிச் செய்தாய், எங்களுக்காவது வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "கண்ணுல பட்டா ஆச வரும்ங்க. நான் சீக்கிரம் நல்லாகணும். புள்ளைக்கு பரீட்ச வருது," என்றாள். நீ நினைத்துப் பார், பாப்பா. அவள் நட்டு, எருப் போட்டு, குளிரில் தண்ணீர் தூக்கி வளர்த்தது.

அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. ஒவ்வொருத்தரும் வந்து ஒவ்வொன்றைக் குறைத்தார்கள். கடலை கூடாது, கிழங்கு கூடாது, கோதுமை மா கூடாது. ரொட்டி இல்லாமல் மலைக்குப் போகிறவள் எதைக் கட்டிக்கொண்டு போவாள்? சோறும் ரசமும், சில நாள் வெறும் பருப்புத் தண்ணீர். கோயில் திருவிழாவில் எல்லோரும் அன்னதானத்துக்கு உட்கார்ந்தபோது, அவள் பந்தி பரிமாறுகிறேன் என்று எழுந்துபோனாள். கறியில் கோவா இருந்தது. மலச்சிக்கல் முன்பைவிட மோசமானது. ஆனால் ஒரு நாள் கூட முறையிடவில்லை. டவுனில் ஒரு கடைக்காரர் கடல்பாசித் தூள் என்று ஒரு பொட்டலத்தைக் காட்டி, ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிட்டால் அடியோடு போய்விடும் என்றார். என் கை சட்டைப்பைக்குப் போனது உண்மை. அம்மா பொட்டலத்தை அவர் பக்கமே தள்ளிவைத்துவிட்டு வெளியே வந்தாள். "ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு குடுத்தாங்க. இவரு என் மூஞ்சியக்கூட சரியா பாக்காம குடுக்கிறாரு," என்றாள். இதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எத்தனை பேர் எத்தனை சொன்னாலும் மாத்திரையை நிறுத்தவில்லை.

இவ்வளவு செய்தும் அடுத்த ரத்தப் பரிசோதனையில் பெரிய மாற்றம் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கிளினிக்கில் டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அவர் சிங்களவர், நல்ல மனிதர்தான், ஆனால் வெளியே அவ்வளவு சனம் காத்திருக்கிறது. அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. நான் பேசலாம் என்று வாயெடுத்தேன். என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய தன் சிங்களத்தில் அவளே கேட்டாள். "டொக்டர், நான் சாப்புடுறதுல ஏதாவது இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. சொன்னதெல்லாம் நிறுத்திட்டேன். பட்டினி கெடந்த மாதிரி கெடந்துட்டேன். இன்னமும் நல்லாகல." கூட்டம் அதிகம், பிறகு பேசலாம் என்று டொக்டர் சொன்னார். சரி என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ் போய்விடும் என்றேன். போகட்டும் என்றாள். கடைசி நோயாளியும் போன பிறகு டொக்டர் கதவைத் திறந்தால், எதிரே உன் அம்மா. அவர் நர்ஸ் பிள்ளையையும் கூப்பிட்டு, எங்களை உள்ளே உட்காரவைத்து, முதல் முறையாக நிதானமாகக் கேட்டார். மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? எதில் போடுகிறீர்கள்?

"காலையில எந்திரிச்சதும்தான். தேத்தண்ணியில," என்றாள் அம்மா.

தேத்தண்ணியோடு வேறு ஏதாவது? இரும்புச்சத்து மாத்திரையும்தான். இரண்டையும் சேர்த்து ஒரே வாயாகப் போட்டுத் தேத்தண்ணி குடிப்பதாகச் சொன்னாள். நர்ஸ் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டாள். டொக்டர் கூட்டி எழுதிய அளவை அடித்துப் பழையபடியே எழுதினார். அன்று அவர் சொன்னதை நான் என் மண்டையில் அப்படியே வைத்திருக்கிறேன், நீயும் வைத்துக்கொள். மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடவேண்டும். முக்கால் மணியோ ஒரு மணி நேரமோ கழித்துத்தான் தேத்தண்ணி, கோப்பி, சாப்பாடு எதுவும். இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து மாத்திரையும் கல்சிய மாத்திரையும் அதற்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. நாலு மணி நேரமாவது தள்ளிப் போடவேண்டும். சோயாவையும் மாத்திரை போடும் நேரத்துக்கு ஒட்டிச் சாப்பிடக்கூடாது, மற்ற நேரம் அளவாகச் சாப்பிடலாம். கோவாவும் முள்ளங்கியும் நோக்கோலும் சமைத்து, எல்லோரையும்போல அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. கடல்பாசித் தூள் வேண்டவே வேண்டாம். நம் உப்பிலேயே அயடின் சேர்த்திருக்கிறார்கள், அதற்கு மேல் ஏற்றினால் தைராய்டு இன்னும் கெடலாம். எந்தச் சாப்பாடும் இந்த நோயைக் குணப்படுத்தாது, மாத்திரைக்குப் பதிலாகவும் நிற்காது. ஆனால் உடம்பு பாரம் கூடாமல் இருக்கவும், வயிறு ஒழுங்காகப் போகவும், ரத்தம் ஊறவும் நல்ல சாப்பாடு கட்டாயம் வேண்டும். காய்கறி, கீரை, பருப்பு, மீன், முட்டை எல்லாம் சாப்பிடவேண்டும். "அப்ப நான் புடுங்கிப் போட்ட கோவா?" என்று அம்மா கேட்டாள். நர்ஸ் பிள்ளை அதை விளக்கிச் சொன்னதும் டொக்டர் சிரிக்கவில்லை. நட்டு விடுங்கள், சமைத்துச் சாப்பிடுங்கள் என்றார்.

வேறு யாராக இருந்தாலும் வீணாய்ப் போன மாதங்களை நினைத்து அத்தையையும் ஊரையும் திட்டியிருப்பார்கள். நான் திட்டத்தான் செய்தேன். அவள் டவுனில் நாற்றுக் கடை மூடுவதற்குள் போகவேண்டும் என்று என்னை அவசரப்படுத்தினாள். பஸ்ஸில் மடியில் கோவா நாற்றைக் கட்டி வைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்ட நிம்மதிதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தத் தேத்தண்ணியைத் தினமும் ஊற்றிக்கொடுத்தது நான். அவளுக்கு உடம்பு முடியாமல் போனதில் இருந்து, நான் முந்தி எழுந்து இஞ்சி தட்டிப் போட்டு, படுக்கைக்கே கொண்டுபோய், மாத்திரைகளையும் கையில் வைத்துக் கொடுப்பேன். எனக்கு அதில் ஒரு பெருமை. டொக்டர் கேட்டபோது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசவில்லை. படுக்கப்போகும் முன் மட்டும், "நாளையிலேர்ந்து பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப தேத்தண்ணி குடுங்க. அப்பதான் மலைக்கு ஏறுறப்ப சூடு நிக்கும்," என்றாள். அவ்வளவுதான். காரணத்தையே மாற்றிவைத்துவிட்டாள், என் மனது நோகக்கூடாது என்று. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு நயம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

காலைக் குளிரில் தேத்தண்ணி இல்லாமல் ஒரு மணி நேரம் இருப்பது எப்படி என்று நம் பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும். விறைத்துப்போன கையோடு மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குவாள். அந்தத் தண்ணீரும் ஐஸ்தான். பிறகு உட்காரமாட்டாள். மாட்டுக்கு வைப்பாள், ரொட்டி சுடுவாள், குழாயடிக்குப் போய்வருவாள். மற்றப் பெண்கள் ஒரு வாய் தேத்தண்ணி நீட்டினால், "பெறகு குடிக்கிறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். டொக்டர் சொல்வதைக் கேட்கிற திமிர் என்று சிலர் பேசினார்கள். இரும்புச்சத்து மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய் மத்தியானம் மலையில் போட்டாள். ஒரு நாள் தவறவில்லை. குணம் உடனே வரவில்லை, பாப்பா. அதை எதிர்பார்க்காதே. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முகத்து வீக்கம் வடிந்தது, துண்டு கழன்றது. ஒரு நாள் நான் ஸ்டோர் வாசலில் நிற்கும்போது எதிர் மலையில் இருந்து யாரோ என்னைக் கூப்பிடுவது கேட்டது. தெளிவான, உரத்த குரல். உன் அம்மாதான்; சாப்பாட்டுப் பொதியை வீட்டில் மறந்து வந்துவிட்டதாகக் கத்துகிறாள். எனக்கு அவள் என்ன சொல்கிறாள் என்பதே மண்டையில் ஏறவில்லை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன்! அடுத்த ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது.

உன் தலவாக்கலை அத்தைக்கும் இதே நோய் இருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மாத்திரையை எப்போதோ நிறுத்திவிட்டு, கடல்பாசித் தூளையும் பத்தியத்தையும் நம்பி இருந்திருக்கிறார். நம்பிக்கொண்டுதான் அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறார். கால் வீங்கி, பேச்சுக் குழறிப் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று மாமா போன் பண்ணினார். அம்மா அன்றே பஸ் ஏறினாள். போய் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்கு வந்த பிறகும் கூடவே தங்கி, காலையில் தானும் மாத்திரை போட்டு அவருக்கும் கொடுத்து, தேத்தண்ணிக்கு இரண்டு பேருமாகக் காத்திருந்திருக்கிறார்கள். அத்தை அழுதாராம், உன் கோவாவைப் பிடுங்க வைத்தேனே என்று. "மாடு நல்லா தின்னுச்சு அண்ணி, விடுங்க," என்றாளாம் அம்மா. இதை அத்தைதான் எனக்குச் சொன்னார். அம்மா சொல்லவில்லை.

அதனால் நீ கேட்டதற்கு இதுதான் பதில். சாப்பாடு முக்கியம்தான், ஆனால் மாமியார் பயப்படுகிற மாதிரி இல்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நேரம் விடு. பிறகு சமைத்ததை நன்றாகச் சாப்பிடு. மாமியாரோடு சண்டைக்குப் போகாதே. அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப்போ. டொக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் பயம் தெளியும். உன் உடம்புக்கு என்ன அளவு என்று உன் டொக்டர்தான் சொல்லவேண்டும், அப்பா இல்லை. அவசரமாகப் பேசினால் நீயும் காத்திருந்து கேள். இன்னொன்று, அப்பா எழுதக் கூச்சப்பட்டதை அம்மா கட்டாயம் எழுதச் சொன்னாள்: பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த உடனே, ஒரு நாளும் தள்ளிப்போடாமல் கிளினிக்கில் சொல்லவேண்டும். அப்போது மாத்திரையின் அளவு மாறும். இரும்புச்சத்தும் கல்சியமும் தருவார்கள். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டுவிடாதே. மாப்பிள்ளைக்கும் இதைச் சொல்லிவை.

எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். தன்னைப் பற்றி இவ்வளவு எழுதியிருப்பது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "என்னையப் பத்தி எதுக்கு இவ்வளவு? நான் வர்றேன்னு ஒரு வரி எழுதுங்க," என்றாள். தன் நோய்க்குக்கூட லீவு கேட்கத் தயங்கியவள், உன் போனை வைத்த மறுநாளே கங்காணியிடம் ஒரு வாரத்துக்குச் சொல்லிவிட்டாள். நீ இருக்கும் கொழும்புக்கு இதுவரை தனியாகப் போனதில்லை. நானும் வருகிறேன் என்றால், மாட்டை யார் பார்ப்பது என்கிறாள். சனிக்கிழமை ஹட்டனில் ரயில் ஏறுகிறாள். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு நீயே போ. கையில் பெரிய பை இருக்கும். வாங்கப் பார்க்காதே, தரமாட்டாள். பக்கத்தில் நட, போதும்.

அப்பா